யாரால்?

யாழ்ப்பாணத்தில் அச்சாகும் நாளிதழை விரித்தால், ‘காணாமல்’ என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் கண்ணில் படும் நாட்கள் உண்டு. தொழிலுக்குப் போன மீனவர் காணாமல் போயுள்ளார் என்று ஒரு செய்தி. ரியூசனுக்குப் போன மாணவன் காணாமல் போய், மறுநாள் உறவினர் வீட்டில் இருந்தது தெரியவந்தது என்று இன்னொன்று. அதற்குக் கீழே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் மாவட்டச் செயலகத்தின் முன் கவனயீர்ப்புப் போராட்டம்.

முதற் செய்தியில் காற்றும் கடலும் இருக்கின்றன. இரண்டாவதில் ஒரு பிள்ளையின் கோபமோ பயமோ இருக்கிறது. மூன்றாவதில் துவக்கோடு ஒருவன் இருக்கிறான். சொல் ஒன்றுதான். அதை அடுத்து வரும் வினைதான் விபத்தையும் விருப்பத்தையும் குற்றத்தையும் பிரித்துக் காட்டுகிறது. ‘போனார்’ என்றால் போனவர் பொறுப்பு. ‘ஆக்கப்பட்டார்’ என்றால் ஆக்கியவன் பொறுப்பு. இந்த ஒரு வினை மாற்றம் செய்தித்தாளுக்குள் வந்து சேர யாழ்ப்பாணத்துத் தாய்மார் இரண்டு தலைமுறைக் காலம் தெருவில் நின்றார்கள்.

ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த மண் இது. தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்ற பிரிப்பு இங்கே படித்த எவருக்கும் தெரியும். ‘காணாமல் போனார்’ என்பதில் அவரே எழுவாய், செய்தவரும் அவரே. இங்கே ‘போ’ துணைவினைதான், உண்மையில் நடந்து போவதைக் குறிக்கவில்லை என்று இலக்கணம் தெரிந்தவர் சொல்லலாம். சரி. ஆனாலும் வாசிக்கிறவனின் மனதில் அது ஓர் ஆளைத் தெருவில் இறக்கித் தானாக நடக்க விடுகிறது. ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினைக்கு ஒரு கருத்தா வேண்டும். அந்தக் கருத்தா மூன்றாம் வேற்றுமை ஏற்று வரவேண்டும். இராணுவத்தால், இயக்கத்தால், இந்தியப் படையால், இன்னாரால். அந்த ‘ஆல்’ உருபு எங்கள் செய்திகளில் எங்கே தொலைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1996ஐ எடுத்துக்கொள்வோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியூடாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஏப்ரலில் சனம் திரும்பி வந்தபோது யாழ்ப்பாணம் இராணுவத்தின் கையில் இருந்தது. யூலை 4ஆம் திகதி ஸ்ரான்லி வீதியில் அமைச்சர் நிமல் சிறிபால டி சில்வாவைக் குறிவைத்துத் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அதற்குப் பின்னான மாதங்களில் சுற்றிவளைப்புகளிலும் சோதனைச் சாவடிகளிலும் பிடிபட்ட இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. அந்த ஓராண்டில் குடாநாட்டில் மட்டும் சுமார் 600 பேர் இப்படி மறைந்தனர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை கணக்கிட்டது.

அந்த நாட்களில் ஒரு தாய் முகாம் வாசலில் என்ன சொல்லியிருப்பாள்? “ஆமி வந்து பிடிச்சுக்கொண்டு போனது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.” எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் பிசகாமல் அமைந்த செய்வினை வாக்கியம். கண்ட சாட்சியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதே தாய் பொலிஸ் நிலையத்துக்கோ கச்சேரிக்கோ போய் முறைப்பாடு கொடுக்கிறாள். பதிவுப் புத்தகத்தில் அது ‘காணாமல் போயுள்ளதாக முறைப்பாடு’ என்று ஏறுகிறது. நிருபர் அந்தப் பதிவிலிருந்து செய்தி எடுக்கிறார். மறுநாட் காலையில் நான்கு வரிச் செய்தியில் ஆமியும் இல்லை, பிடித்ததும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்ற தாயும் இல்லை. ஒரு வயது, ஒரு ஊர்ப் பெயர், ‘காணாமல் போயுள்ளார்’. இப்படித்தான் சாட்சியம் தகவலாகச் சுருங்கியது.

அந்த நிருபரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996 ஏப்ரலிலும் 1998 யூனிலும் அரசு இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்திருந்தது. இரவு ஊரடங்கு. நாளை தன் வீட்டுக் கதவையும் யாரும் தட்டலாம் என்ற நிலையில் எழுதியவர்கள் அவர்கள். ‘காணாமல் போயுள்ளார்’ என்று எழுதினால்தான் அந்த நான்கு வரியாவது அச்சேறும். அந்த நான்கு வரி அச்சேறியதே பெரிய காரியம். அந்தக் காலத்துக் குடும்பங்களும் தங்கள் மனுக்களில் ‘காணாமற்போன எமது பிள்ளைகள்’ என்றுதான் எழுதின. வேறு சொல் கைவசம் இருக்கவில்லை.

அதே ஆண்டு செப்ரெம்பர் 7ஆம் திகதி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கைதடிக்குத் திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கூடத் திரும்பவில்லை. அன்றைய மொழியில் நான்கு பேர் ‘காணாமல் போயினர்’. சில வாரங்களில் நான்கு உடல்களும் செம்மணியில் தோண்டி எடுக்கப்பட்டன. 1998 யூலையில் கொழும்பு நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தபோது, தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற சிப்பாய் மன்றில் வாய் திறந்தார். செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றார். 1999இல் அவர் காட்டிய இடங்களைத் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. ‘போனார்’ என்ற வினை அன்றே பொய்த்துப் போனது. அதன் பின்னும் செய்தியில் அது பல ஆண்டுகள் தொடர்ந்தது.

தெருவில் நின்றவர்கள் திருத்திய சொல்

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானபோது கோரிக்கை எளிமையாக இருந்தது: பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை விடு. கச்சேரிக்கு ஊர்வலமாகப் போன அந்தப் பெண்களுக்குத் தங்கள் பிள்ளைகள் ஏதோ ஒரு முகாமில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையாவது இருந்தது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிந்திய தாய்மாருக்கு அதுவும் இல்லை. முல்லைத்தீவில் வட்டுவாகல் கடந்து வந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் அங்கே பிடித்தல்கூட இல்லை: “நாங்களே கையிலை குடுத்தனாங்கள்.” விசாரித்துவிட்டு விடுவோம் என்ற அறிவிப்பை நம்பி மகனை, மருமகனை, சிலர் பேரக்குழந்தைகளோடு முழுக் குடும்பத்தையும் இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். தன் கையால் கொடுத்த பிள்ளையைக் ‘காணாமல் போனவர்’ என்று ஒருவர் எழுதினால் அந்தத் தாய்க்கு நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி என்று பரவியது. அந்தப் போராட்டக் கொட்டகைகளின் பதாகைகளில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற நீண்ட தொடர் உறுதியாக எழுதப்பட்டிருந்தது. ஒலிவாங்கியை நீட்டிய நிருபர் பழக்கதோஷத்தில் ‘காணாமல் போனவை’ என்று தொடங்கினால் கொட்டகைக்குள்ளிருந்து குரல் வரும்: “போகேல்லைத் தம்பி, ஆக்கினவை.” பத்திரிகை ஆசிரியர்களின் மேசையில் முடிவான சொல் இது என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வெயிலில் இருந்த பெண்கள் செய்தி மொழிக்குச் செய்த பிரதித் திருத்தம் இது. தமிழ் இதழியல் அவர்களுக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறது.

சட்டமும் இடையில் வந்தது. எல்லா ஆட்களையும் வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து பாதுகாக்கும் ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2015 டிசம்பரில் கையொப்பமிட்டு 2016 மே மாதம் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதை நாட்டுச் சட்டமாக்கியது. அதற்கு முன்னரே, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பெயர்ப்பலகையில் நிற்பது ‘காணாமற்போன ஆட்கள்’ என்ற தொடர். குடும்பங்கள் அந்த அலுவலகத்தை ஏற்க மறுப்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. பெயர்ப்பலகையும் அதில் ஒன்று.

இங்கே நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் வரையறுக்கும் ‘காணாமற்போன ஆள்’ என்பதற்குள் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவரும் அடங்குவர், போர்க்களத்தில் திரும்பாத படைச் சிப்பாயும் அடங்குவார். 2013இல் மக்ஸ்வெல் பரணகம தலைமையில் அமைந்த ஆணைக்குழுவுக்குக் கிடைத்த முறைப்பாடுகளில் சுமார் 5,000 படையினரின் குடும்பங்களிலிருந்து வந்தவை. சண்டையில் சிதறி உடல் கிடைக்காத ஒருவனைக் காணாமல் ‘ஆக்கப்பட்டவன்’ என்று சொல்ல முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் எல்லாத் தரப்பையும் சேர்த்துப் பொதுச்சொல் ஒன்றைப் பயன்படுத்துவதில் அர்த்தம் உண்டு. ஒரு செய்தியாளருக்கு அந்தப் பொதுச்சொல் போதாது. அவர் எழுதுவது ஒரு பட்டியலைப் பற்றி அல்ல. பெயரும் திகதியும் இடமும் உள்ள ஒருவரைப் பற்றி.

தெற்கிலும் இதே கதைதான். 1987–89 காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் ஒவ்வோர் ஒக்ரோபர் 27ஆம் திகதியும் சீதுவை ரத்தொலுவைச் சந்தியிலுள்ள நினைவிடத்தில் கூடுகிறார்கள். சிங்களத்திலும் ‘அத்துருதஹன் வூ’ என்பதற்கும் ‘அத்துருதஹன் கள’ என்பதற்கும் இடையே இதே இழுபறி உண்டு. ஆர்ஜென்ரீனாவில் 1977 முதல் மே சதுக்கத்தில் வட்டமாக நடந்த தாய்மாரைப் பற்றி இங்கே பலர் அறிவர். அந்நாட்டுச் சர்வாதிகாரி விடேலா 1979இல் பத்திரிகையாளரிடம், அவர்கள் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, காணாமற்போனவர்கள் என்று சொன்னார். ஓர் அரசு தன் குற்றத்தை மறைக்க ஒரு சொல்லே போதும் என்று நினைத்த தருணம் அது.

2020 சனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. வதிவிடப் பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்று கூறினார். மறுநாள் பல செய்திகள் இதை ‘காணாமல் போனோர் விவகாரத்துக்குத் தீர்வு’ என்ற தொனியில் போட்டன. ‘இறந்துவிட்டார்கள்’ என்றால் எங்கே, எப்போது, யாருடைய காவலில்? சொன்னவர் போர் முடிந்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் எழுந்திருக்க வேண்டிய முதற்கேள்வியை யாழ்ப்பாணத் தாய்மார் கேட்டார்கள். செய்திகள் பெரும்பாலும் கேட்கவில்லை.

‘விவகாரம்’ என்ற சொல்லையும் நான் வெறுக்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். காணி விவகாரம், மீன்பிடி விவகாரம், காணாமல் ஆக்கப்பட்டோர் விவகாரம் என்று ஒரே தட்டில் வைக்கும்போது ஆட்கள் கோவைகளாகிவிடுகிறார்கள்.

ஆக்கப்பட்டோர்: அடுத்த மறைப்பு

இப்போது வடக்கின் நாளிதழ்களும் இணையத் தளங்களும் பெரும்பாலும் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே எழுதுகின்றன. வெற்றிதான். ஆனால் ஒரு சொல் வெற்றி பெற்று வழக்கமாகிவிட்டால் அதற்குள்ளும் தூசி படிகிறது. பெப்ரவரி 20, மார்ச்சிலும் செப்ரெம்பரிலும் ஜெனிவா அமர்வு, ஓகஸ்ட் 30 சர்வதேச தினம், டிசம்பர் 10 மனித உரிமைகள் தினம். நாட்காட்டியைப் பார்த்து எழுதக்கூடிய செய்திகள் இவை. ‘காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இன்று போராட்டத்தில் ஈடுபட்டனர்.’ படத்தில் தலைநரைத்த பெண்கள், நெஞ்சோடு அணைத்த சட்டமிட்ட புகைப்படம். அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் யார், எந்தத் திகதி, எந்தச் சாவடி, எந்தப் படைப்பிரிவு? செய்தி அங்கே போவதில்லை. செயப்பாட்டுவினை வந்தது, மூன்றாம் வேற்றுமை வரவில்லை.

சுப்பிரமணியம் இராமச்சந்திரனை நினைத்துப் பாருங்கள். வடமராட்சியிலிருந்து தினக்குரலுக்கும் வலம்புரிக்கும் எழுதியவர். 2007 பெப்ரவரி 15 மாலை வீடு திரும்பும் வழியில் கலிகைச் சந்தி இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டதைக் கண்டவர்கள் இருந்தார்கள். சட்டவிரோத மணல் அகழ்வைப் பற்றி அவர் எழுதியிருந்தார். இன்றுவரை அவர் இல்லை. செய்தி எழுதியவரே செய்தியாகிப் போனவர்கள் பட்டியலில் ஒரு வரியாக ‘காணாமல் ஆக்கப்பட்ட ஊடகவியலாளர்’ என்று அவரை எழுதுவதோடு நாங்கள் நிறுத்திவிடுகிறோம். மணல், சாவடி, திகதி, கண்ட சாட்சிகள் என்ற நான்கும் அந்த வரிக்குள் வந்தால்தான் அது செய்தி.

லலித் குமார் வீரராஜும் குகன் முருகானந்தனும் 2011 டிசம்பர் 9ஆம் திகதி ஆவரங்காலிலிருந்து புறப்பட்டுப் போன பின் திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோருக்காக மறுநாள் யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த ஊடகச் சந்திப்பை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒருவர் சிங்களவர் மத்தியிலும் தமிழர் மத்தியிலும் ஒரே குரலில் இதைப் பேசிய அரசியல் தொண்டர். இருவருக்காகவும் தொடுத்த வழக்கு யாழ்ப்பாண நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. அந்த வழக்கின் ஒவ்வொரு தவணையையும் முழுமையாக எழுதிய பத்திரிகை எத்தனை?

நீதிமன்றங்கள் சில வேளைகளில் எங்களை விடத் துணிவாக எழுதியிருக்கின்றன. 1996இல் நாவற்குழி முகாமிலிருந்த இராணுவத்தால் பிடிக்கப்பட்ட இளைஞருக்காக 2017இல் யாழ். மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கலாயின. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், 2009இல் சரணடைந்த விடுதலைப் புலி உறுப்பினர் எழிலனை இராணுவம் மன்றில் முற்படுத்த வேண்டும், இயலாவிட்டால் என்ன நடந்தது என்று விளக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. ஆட்கொணர்வு மனு என்பதே ‘யாரிடம் இருக்கிறார்’ என்ற கேள்வியில் பிறக்கும் மனு. அதில் எதிர்மனுதாரர் என்ற கட்டத்தை நிரப்பாமல் மனுவே இல்லை.

இந்த ‘ஆல்’ ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை. செல்வி என்று எல்லோரும் அறிந்த கவிஞர் செல்வநிதி தியாகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நாடகத் துறை மாணவி. விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றது 1991 ஓகஸ்ட் 30ஆம் திகதி. இன்று உலகம் முழுவதும் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தினமாக அனுஷ்டிக்கும் அதே நாள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வோராண்டும் அந்நாளில் வெளியாகும் செய்திகளில் அவர் பெயரை எத்தனை பேர் எழுதுகிறார்கள்? 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையாலும் அதனோடு நின்ற ஆயுதக் குழுக்களாலும் கொண்டு செல்லப்பட்டோர், புலிகளின் தடுப்பு முகாம்களுக்குள் போய் வெளிவராத மாற்று இயக்கத்தவர், இவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். அந்தத் தாய்மாரில் பலர் எந்தக் கொட்டகையிலும் வந்து அமர முடியாமல் வீட்டுக்குள்ளேயே அழுது தீர்ந்தார்கள். அவர்களுக்கு வேறு வேற்றுமை உருபு கிடையாது.

‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லும் இதே குடும்பம். வெள்ளை வானில் வந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், இரவில் கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் இனந்தெரியாதோர். ஊருக்குத் தெரிந்தவர்களைப் பத்திரிகைக்குத் தெரியாதவர்களாக்கிய சொல் அது. அன்றைக்கு அது உயிர்க்கவசம். இன்றைக்கு வாள்வெட்டுச் செய்தி வரை அது பழக்கமாகத் தொடர்கிறது.

தமிழ்நாட்டு நாளிதழ்களின் வழக்கம் வேறு. அங்கே ‘மாயம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள்: மாணவி மாயம், மீனவர் மாயம். தலைப்புக்கு இடம் மிச்சம். அந்தப் பழக்கம் எங்கள் இணையத் தளங்களிலும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. வேண்டாம்.

எண்ணிக்கைக்குள் கரையும் ஆள்

2025 பெப்ரவரியில் செம்மணியை அடுத்த அரியாலை சித்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. மே மாதத்தில் நீதிமன்ற உத்தரவோடு, பேராசிரியர் ராஜ் சோமதேவவின் குழு அகழ்வைத் தொடங்கியது. செம்மணி மீண்டும் முதற்பக்கத்துக்கு வந்தது. யூன் மாதம் ‘அணையா விளக்கு’ போராட்டம் அங்கே நடந்தது, ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் வோல்கர் ரூர்க் நேரில் வந்து நின்று பார்த்தார். செப்ரெம்பருக்குள் 200க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டன.

அந்த மாதங்களில் செய்தி மொழியில் புதிதாக ஒரு தொடர் குடியேறியது: ‘என்புத் தொகுதி’. இன்று இத்தனை என்புத் தொகுதிகள், இதுவரை மொத்தம் இத்தனை. அகழ்வு நாட்களில் மாலைதோறும் எண்ணிக்கை உயர்ந்தது. தொல்லியலாளருக்கும் சட்டவைத்தியருக்கும் அது சரியான சொல். அவர்கள் இன்னும் அடையாளம் காணாத ஒன்றுக்குப் பெயரிட முடியாது. வாசகருக்கு அது மட்டும் கிடைத்தால், முப்பது ஆண்டுகளாகக் காணாமல் போனோராகவும் ஆக்கப்பட்டோராகவும் இருந்தவர்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தவுடன் தொகுதிகளாகிவிடுகிறார்கள். அந்தச் செய்திகளில் சனத்தின் நெஞ்சில் தைத்தது எண்ணிக்கை இல்லை. ஒரு சின்னப் பிள்ளையின் எச்சங்களோடு கிடைத்த நீலநிறப் பாடசாலைப் பையும் பொம்மையும்தான். ஓகஸ்ட் 5ஆம் திகதி குழியிலிருந்து எடுத்த உடைகளையும் பொருட்களையும் பொதுமக்கள் அடையாளம் காட்டக் காட்சிக்கு வைத்தார்கள். துணித்துண்டுகளுக்கும் செருப்புகளுக்கும் முன்னால் பெண்கள் மெல்ல நடந்தார்கள்.

எங்கள் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் கனடா, இலண்டன், பிரான்ஸ் என்று அடைப்புக்குறிக்குள் இடம் வரும். இறந்த பிள்ளையென்றால் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று வரும். மகனைத் தேடியே செத்துப்போகும் தாயின் அறிவித்தலில் அந்த மகனின் பெயரை எப்படி எழுதுவது? அவனுக்கு ஊரும் இல்லை, காலமும் செல்லவில்லை. 2017இல் கொட்டகையில் இருந்த பலர் இப்போது உயிரோடு இல்லை. சாட்சிகள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள்.

சாட்சிகள் குறையும்போது பழைய தாள்கள் மிஞ்சும். 1996ஆம் ஆண்டு நாளிதழ்களின் உட்பக்கங்களில் வந்த அந்த நான்கு வரிச் செய்திகளில் ‘ஆல்’ இல்லைதான். ஆனால் திகதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. ‘காணவில்லை’ என்று குடும்பங்கள் கொடுத்த அறிவித்தல்களில் வயது, உயரம், கடைசியாக உடுத்திருந்த சாரமும் சேட்டும் என்ன நிறம், எந்தப் பாதையால் சைக்கிளில் போனார் என்பவை இருக்கக்கூடும். பழைய இதழ்கள் பல நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரிப்பில் இன்றும் திறந்து படிக்கக் கிடைக்கின்றன. செம்மணியில் கிடைத்த உடைகளின் விவரம் நீதிமன்றக் கோவையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, திகதிக்குத் திகதி, சாவடிக்குச் சாவடி, அந்த நாளில் அந்தச் சாவடியில் எந்தப் படைப்பிரிவு நின்றது என்பதையும் சேர்த்துப் படிக்கும் வேலையை யாழ்ப்பாணத்தின் செய்தி அறைகள் இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்கு எந்த ஆணைக்குழுவின் அனுமதியும் தேவையில்லை.